சாம்பல் கட்டத்துக்குள் பூபதி

உலகத்தில் யாருமே படிக்காத புத்தகம் ஒன்றை என் மனைவி மேகலா எழுதுகிறாள். அதில் நான் வருகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அதை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் என்றால் கதையோ கவிதையோ இல்லை. 'புறா' என்ற மென்பொருளின் கையேடு. நீங்கள் ஒரு மின்னஞ்சலை அனுப்பினால் அதை வாங்கி, யாருக்கு என்று பார்த்து, சரியான பெட்டியில் கொண்டுபோய்ப் போடுகிற வேலையைச் செய்வது புறாதான். இலவசம். யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டுக்காரர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து அதைப் பராமரிக்கிறார்கள். அரை உலகத்துத் தபால் அதன் வழியாகத்தான் போகிறது. அப்படிச் சம்பளம் வாங்காதவர்களில் மேகலாவும் ஒருத்தி. நான் கோயம்புத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் செய்து விற்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவராவது விற்கிற பொருளைச் செய்ய வேண்டுமல்லவா?

முன்பெல்லாம் மென்பொருள் ஒன்றைச் செய்யும், கையேடு வேறொன்றைச் சொல்லும். எது சரி என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடக்கும். ஒன்பதாம் பதிப்பில் அதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். இரவுச் சாப்பாட்டின்போது மேகலா அதை எனக்கு விளக்கினாள்.

"மனுசங்க யாரும் கையேட்டப் படிக்க மாட்டேங்கறாங்க. அதனால புறாவே படிச்சுக்கட்டும்னு உட்டுட்டோமுங்க. கையேட்டுல என்ன எழுதியிருக்குதோ அதத்தான் இனிமே அது செய்யும்."

"அப்ப நீ தப்பா எழுதிப்போட்டா?"

"நான் எதுக்குங்க தப்பா எழுதறேன்?"

இதற்கு மேல் ஒரு கணவன் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ரசம் ஊற்றச் சொன்னேன்.

நான் எப்படி அந்தக் கையேட்டுக்குள் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். விதியை மட்டும் எழுதினால் போதாது, ஒவ்வொரு விதிக்கும் உதாரணம் வேண்டும். உதாரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். மற்ற நாட்டுக்காரர்கள் 'பயனர் அ', 'பயனர் ஆ' என்று எழுதுவார்கள். மேகலாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பயனர் அன்னு எழுதுனா எனக்கே தூக்கம் வருதுங்க. ஒரு மனுசன் கண்ணு முன்னால இருந்தாத்தான் எனக்கு வார்த்த வருது."

அவள் கண் முன்னால் இருந்த மனுஷன் நான். பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அசலாகவே போட்டிருந்தாள். குப்பைக் கடிதங்களைப் பற்றிய அத்தியாயத்தில், 'பூபதி யாருக்கு எழுதினாலும் கிரைண்டரைப் பற்றியே எழுதுவார். அவருடைய கடிதங்கள் குப்பைக் கூடைக்குப் போகும்' என்று இருந்தது. ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றிய இடத்தில், 'பூபதியின் எந்தக் கடிதமும் மூன்று தடவை வரும்'. இது உண்மைதான், போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஆள் ஊரில் இல்லாதபோது தானாகப் பதில் போடும் வசதிக்கு, 'பூபதி பழனிக்குப் போயிருக்கிறார். அவர் பெயரில் புறாவே பதில் எழுதும்'. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது இன்னொன்று: 'முகவரி தவறிய கடிதங்கள் யாவும் பூபதியிடம் போகும். அவர் சும்மாதான் இருக்கிறார்.'

"ஏம் புள்ள, நான் சும்மாவா இருக்கறேன்?"

"உதாரணந்தானுங்களே! கட்டத்தப் பாருங்க."

உண்மைதான். உதாரணங்கள் எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களுக்குள் இருந்தன.

"கட்டத்துக்கு வெளிய இருந்தாத்தான் சட்டம். உள்ள இருந்தா அது சும்மா வெளையாட்டு, புறா அதத் தாண்டிப் போயிரும். அதனாலதான் நாங்க 'உதாரணமாக'ன்னு எழுதறதே கெடையாது. கட்டமே சொல்லுது, அப்பறம் வாயால வேற எதுக்குச் சொல்லோணும்? இது எங்க குழுவோட வழக்கமுங்க."

சாம்பல் கட்டத்துக்குள் இருக்கிறவரை எனக்கு ஆபத்தில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது வேறு கவலை இருந்தது. என் அக்கா சுகந்தி கோபிசெட்டிபாளையத்தில் தலைமையாசிரியை. அவளுடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என் கையால் செய்த கிரைண்டர் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது மாவு ஆட்டுதா, ஒப்பாரி வெக்குதா?" என்று கேட்டாள். "நீ ஊற வெச்ச அரிசியப் போட்டா எந்தக் கிரைண்டரும் ஒப்பாரிதான் வெக்கும்" என்று நான் சொன்னேன். சொன்னதோடு இலையிலிருந்து எழுந்து, சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். விசேஷ வீட்டில் சாப்பிடாமல் கிளம்புவது எங்கள் பக்கத்தில் கத்தியால் குத்துவதற்குச் சமம். அக்கா என் நம்பரைத் தடுத்துவைத்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

இப்போது அவள் மகள் இனியாவுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர்த்தட்டு எடுத்துப்போய், தலையில் உருமால் கட்டி, பிள்ளைக்கு மாலை போட வேண்டியவன் நான். அக்கா என்ன நினைக்கிறாள் என்பதை எங்கள் சித்தப்பா மகன் தாமோதரன் வந்து சொன்னான்.

"அக்கா ஒரே பேச்சுத்தான் பேசறா. 'மன்னிப்பு எழுத்துல வரட்டும், பத்திரிகை தானா வரும்'ங்கறா. வரலீன்னா..."

"வரலீன்னா?"

"மாமன் ஸ்தானத்துல என்னைய நிக்கச் சொல்லியிருக்கறா" என்று சொல்லிவிட்டுத் தாமோதரன் வெட்கப்பட்டான். அவன் மிக்ஸி வியாபாரி. என் இடத்தில் ஒரு மிக்ஸி வியாபாரி உருமால் கட்டி நிற்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது. இனியா பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவன் நான். அவளுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்து அழுதாள். சண்டைக்குப் பிறகும் யாருக்கும் தெரியாமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, கல்யாணம் நிச்சயமானதும் அம்மாவுக்குப் பயந்து அதையும் நிறுத்திவிட்டது. அதுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது.

கையால் எழுதி அனுப்பலாம் என்றால், அக்கா சிவப்பு மையில் திருத்தி மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். செய்யக்கூடியவள்தான். அதனால் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் மன்னிப்பையும் எழுதி, அதற்குக் கொஞ்சம் விளக்கமும் எழுதி, மேகலாவிடம்கூடக் காட்டாமல் அனுப்பினேன். வழக்கம்போல மூன்று தடவை அனுப்பினேன்.

பதில் வரவில்லை.

அதே வாரத்தில்தான் புறாக் குழுவில் பெரிய கலவரம் நடந்து முடிந்திருந்தது. விஷயம் இதுதான். ஒரே கையேடு அங்கே ஐந்து வேஷத்தில் இருந்தது. கருப்புத் திரையில் படிக்க மேன் பேஜ், உலாவியில் படிக்க ஹெச்டிஎம்எல், அச்சடித்துக் கட்டிவைக்கப் பிடிஎஃப், இன்னும் இரண்டு. ஒன்றைத் திருத்தினால் மற்றதைத் திருத்த மறந்துவிடுவார்கள். பிடிஎஃப் படித்த புறா, 'இந்தக் கடிதம் கனம் அதிகம், வாங்க மாட்டேன்' என்று சொல்லும். ஹெச்டிஎம்எல் படித்த புறா, 'கனம் சரிதான், நீ வாங்கியே ஆக வேண்டும்' என்று திருப்பி அனுப்பும். யாரோ ஒரு தம்பதியின் கல்யாணப் படங்கள் இரண்டு புறாக்களுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருந்து, அவர்களுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தன.

இதைத் தீர்க்கக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் எங்கள் ஹாலின் சுவர்த்திரையில்தான் நடக்கும். ஹெல்சிங்கியிலிருந்து யுஹானி, பிரேசிலிலிருந்து மார்சேலா, இன்னும் பல முகங்கள். மேகலா தன் மொழிபெயர்ப்பானுக்கு எங்கள் ஊர்ப் பேச்சைப் பழக்கிவைத்திருந்தாள். அதனால் பனிக்குல்லாய் போட்ட யுஹானி பேசுவது சூலூர்க்காரர் பேசுவது போலக் கேட்கும்.

"ஏனுங்க மார்சேலா, கட்டம், கலரு, தடிச்ச எழுத்து, இதெல்லாம் எதுக்குங்க? பொட்டு வெச்சு பூ வெச்சுட்டா விதி மாறிருமுங்களா? வெறும் எழுத்தா வெச்சுப்போட்டா ஒரே கையேடு, ஒரே பேச்சு. சோலி முடிஞ்சுதுங்க" என்றார் அவர்.

"மொட்டச் செவுராட்ட இருக்குமுங்க" என்று மார்சேலா அழாத குறையாகச் சொன்னாள்.

ஓட்டெடுப்பில் மொட்டைச் சுவர் ஜெயித்தது. யுஹானி ஒரு சின்ன நிரல் எழுதி, கையேட்டிலிருந்த வண்ணம், தடிமன், கட்டம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். ஒரே நாளில் அரை உலகத்துப் புறாக்கள் புதுக் கையேட்டைப் படித்தன. கட்டம் போனால் கட்டத்துக்குள் இருந்தவன் எங்கே போவான் என்று அத்தனை அறிவாளிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்கு முதலில் புரியவில்லை. சேலத்து விற்பனையாளர் போன் செய்து, "என்னங்க பூபதி, பழனியில கூட்டம் ஜாஸ்திங்களா? பஞ்சாமிர்தம் நமக்கு உண்டுங்களா?" என்று கேட்டார். நான் பழனிக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது என்றேன். "காலையில நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்றார். மறுநாள் ஐந்து பேர் அதையே கேட்டார்கள். நான் தொழிலை விட்டுவிட்டு மலையிலேயே தங்கிவிட்டதாகக் கோயம்புத்தூர் டாடாபாத் கடைகளில் பேச்சு கிளம்பியிருந்தது.

அப்புறம் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முகவரி தவறிய கடிதங்கள். அரை உலகத்தில் யார் யாருக்கு முகவரி தப்பாக எழுதினாலும் அது என் பெட்டியில் வந்து விழுந்தது. ஒரு நாட்டு அமைச்சரகம் பக்கத்து நாட்டு அமைச்சரகத்துக்கு எழுதிய கண்டனம் வந்தது. இன்னார் என்று தெரியாத ஒரு பல் மருத்துவர், என் கடைவாய்ப்பல்லை உடனே பிடுங்க வேண்டும் என்றார். காதல் கடிதங்கள் எக்கச்சக்கம். மொழிபெயர்ப்பான் இருந்ததால் எல்லாம் எனக்குப் புரிந்தது. அது ஒரு தொல்லை. முதலில் சிரித்துக்கொண்டே படித்தேன். போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. பாதிக்கு மேல் மன்னிப்புக் கடிதங்கள். அப்பாவிடம், தோழியிடம், விட்டுப்போன மனைவியிடம். பழைய முகவரிக்கு எழுதியிருந்தார்கள், அல்லது முகவரியில் ஒரு புள்ளியை விட்டிருந்தார்கள். இத்தனை பேர் வெறும் காற்றிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மேகலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையேட்டைத் திறந்து பார்த்தாள். சாம்பல் கட்டம் எதுவும் இல்லை. நான் சட்டமாகியிருந்தேன்.

"அப்ப அக்காவுக்கு எழுதுன லெட்டரு?"

அவள் உள்ளே எங்கேயோ நுழைந்து தேடினாள். "குப்பைக் கூடையில கெடக்குதுங்க. அக்கா பெட்டிக்கே போகல."

அந்த வாரக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மேகலா நடந்ததைச் சொன்னாள். யுஹானி தலையில் கை வைத்தார்.

"அய்யோ சாமி, பெரிய தப்பாப் போச்சுங்களே! உடனே எடுத்துப்போடலாமுங்க. ஓட்டெடுப்பு வெச்சர்லாமுங்க."

"அதுக்கு எதுக்கு ஓட்டு?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இப்ப கட்டம் இல்லீங்களே. அதனால எல்லாமே விதிங்க. விதிய எடுக்கோணும்னா, திருத்தோணும்னா, எல்லாரும் ஓட்டுப் போடோணுமுங்க. அது எங்க கட்டுப்பாடுங்க."

உடனே மார்சேலா எழுந்தாள். எடுக்க வேண்டாம், கட்டத்தையே திரும்பக் கொண்டுவரலாம் என்றாள். கொண்டுவருவது என்றால் எந்த வடிவத்தில் என்று ஒருவர் கேட்டார். ஹெச்டிஎம்எல் என்றார் ஒருவர். பிடிஎஃப் என்றார் இன்னொருவர். வெறும் எழுத்திலேயே கோடு கோடாக வரைந்து கட்டம் போடலாம் என்றார் யுஹானி. கோட்டின் நீளம் என்ன என்பதில் இரண்டு கட்சி உண்டாயிற்று. கடைசியில் கோடுகளை ஆராய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

நான் கத்தினேன். "ஏம் புள்ள, எங்க அக்கா மக கல்யாணம் உங்க கோட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? அந்தத் தாமோதரன் உருமாலுக்குத் துணி எடுத்துட்டான், தெரியுமா?"

மேகலா கையேட்டை மேலும் கீழும் புரட்டினாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள்.

"விதிய மாத்தறதுக்குத்தானுங்க ஓட்டு. புதுசா உதாரணம் சேக்கறதுக்கு ஓட்டு வேண்டியதில்ல. யாரு வேணும்னாலும் சேத்தலாம். அந்த வழக்கத்த எடுக்க அவங்க மறந்துட்டாங்க!"

"உதாரணந்தான் இப்பச் சட்டமாச்சே."

"அதத்தானுங்க நானுஞ் சொல்றேன்!"

உட்கார்ந்து தட்டினாள். அவள் தோளுக்கு மேலே நின்று படித்தேன். 'பூபதி தன் அக்கா சுகந்திக்கு எழுதிய கடிதம் உடனே போய்ச் சேரும்.' அழகான வாக்கியம். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

"குப்பைக்குப் போகும்னு முன்னாலயும் ஒண்ணு இருக்குதே. ரெண்டுல எது செல்லும்?"

"கடைசியா எழுதுனது செல்லும்னு நெனைக்கறனுங்க. அழுத்தமா எழுதுனா நல்லது. இருங்க, இன்னொரு வரியும் சேத்தறேன்."

அதற்குள் வாசலில் கிரைண்டர் கல் இறக்க வந்த லாரி ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இல்லாத லாரி. யாராவது வந்து கையெழுத்துப் போடும் வரை அடித்துக்கொண்டே இருக்கும். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் வேலையை முடித்து மூடிவைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு எழுத்து.

'வா.'

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். மேகலா வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவுதானுங்களா?"

"எங்க அக்கா அப்படித்தான். பரிட்சைத் தாள்லயும் 'சரி'ன்னு மட்டுந்தான் போடுவா."

"சரிங்க. சீர்த்தட்டுக்கு வேண்டியத எடுத்து வெய்ங்க" என்றாள். அவளுக்கு அதில் இன்னும் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாத்தனார் விஷயம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபி மண்டபத்து வாசலில் போய் இறங்கினோம். பட்டு வேட்டி, சட்டை, கையில் தட்டு. வாசலில் சந்தனம் கொடுக்கிற இடத்தில் தாமோதரன் உருமாலோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். பேச்சுச் சத்தம் அப்படியே அடங்கியது. மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அழைத்த இடத்துக்குத்தானே வந்திருக்கிறேன் என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"அழைக்காமயே வந்துட்டியாடா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பத்திரிகை வெக்கல, ஒரு வார்த்த சொல்லல. நீ பாட்டுக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறியே! பெரியவ எனக்கு இந்த மனசு வரலையேடா! மன்னிப்ப எழுத்துல கொண்டான்னுட்டு வீம்புக்கு உக்காந்துட்டிருந்தனே!" என்று சொல்லிக்கொண்டே அக்கா அழ ஆரம்பித்தாள். ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் நடுங்கவைக்கிறவள், அத்தனை பேர் முன்னாலும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீதான..." என்று நான் வாயைத் திறந்தேன்.

மேகலா என் முதுகில் கிள்ளினாள். லேசாக இல்லை, சதையோடு. காதுக்குள் கிசுகிசுத்தாள்.

"அக்கா எழுதலீங்க. ரெண்டாவது வரியில, 'சுகந்தி அதற்கு வா என்று பதில் எழுதுவார்'னு நான் போட்டுட்டேன். அது ஒரு ஆசைக்குப் போட்டதுங்க. பழனி பதிலாட்ட புறாவே அவங்க பேர்ல எழுதிருச்சு."

"அப்ப நான் எழுதுன லெட்டரு?"

"இன்னுங் குப்பையிலதான் கெடக்குது. முன்னால எழுதுன விதி செயிச்சிருச்சு. நேத்துத்தான் பாத்தேன். சொன்னா நீங்க வர மாட்டீங்க."

வந்திருக்க மாட்டேன்தான். அழைக்காத வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஒரு நிமிடம் தட்டோடு திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கால் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. அப்போது அந்தக் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை பேர் தப்பான முகவரிக்கு அழுது அழுது எழுதியிருந்தார்கள். நான் சரியான முகவரியில் நின்றுகொண்டிருந்தேன். மணமேடைக்குப் பக்கத்து அறையிலிருந்து இனியா எட்டிப் பார்த்து, "மாமா!" என்று மண்டபமே கேட்கும்படி கத்தினாள்.

"எங்க அக்கா மக கல்யாணத்துக்கு எனக்கு எதுக்குடா அழைப்பு?" என்று நான் தாமோதரனைப் பார்த்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் உயர்ந்த ரகம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தாமோதரன் உருமாலை அவிழ்த்து என் தலையில் கட்டினான். கொஞ்சம் இறுக்கிக் கட்டினான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாலை போட்டேன், சீர் செய்தேன். அன்றைக்குப் பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்று கல்யாணத்துக்கு, இன்னொன்று கிரகப்பிரவேசத்தில் விட்டுப்போனதற்கு. இரண்டு தடவையும் அக்காதான் பரிமாறினாள்.

துணைக்குழு கோட்டின் நீளத்தை முடிவு செய்ய மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு வெறும் எழுத்திலேயே கோடு போட்டுக் கட்டங்கள் திரும்பி வந்தன. நானும் கட்டத்துக்குள் திரும்பிப் போனேன். பழனியிலிருந்து இறங்கினேன். முகவரி தவறிய கடிதங்கள் வருவது நின்றது. முதல் சில நாட்கள் பெட்டி வெறிச்சென்று இருந்தது எனக்குக் கஷ்டமாகக்கூட இருந்தது. தவறுதலாகக் குப்பைக்குப் போன கடிதங்களைப் புறா பொறுக்கி எடுத்து, உரியவர்களுக்கு வரிசையாக அனுப்பியது.

அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, சீரெல்லாஞ் செஞ்சு, ரெண்டு பந்தி உண்டுட்டுப் போனவன், இப்ப எதுக்குடா மன்னிப்புக் கேக்கறே? அதுவும் மூணு தடவ!"

"போய்ச் சேந்துச்சான்னு ஒரு சந்தேகம்க்கா."

"முழுசும் படிச்சேன். மன்னிப்பு ஒரு வரி எழுதியிருக்கறே. அதுக்குக் கீழ ஒன்றரைப் பக்கத்துக்கு என்னடா அது? 'கல்லில் குறை இல்லை, அரிசி சரியாக ஊறவில்லை, தண்ணீர் அளவு தப்பு, இயக்கியவரின் அனுபவமின்மை'ன்னு... மன்னிப்புக் கடுதாசியில எதுக்குடா கிரைண்டரு?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இது மட்டும் கல்யாணத்துக்கு முன்னால வந்திருந்துச்சுன்னு வெய்யி. சத்தியமாச் சொல்றேன், நீ தட்டோட இல்ல, தேரோட வந்திருந்தாலும் உன்னைய மண்டபத்துக்குள்ள உட்டிருக்க மாட்டேன். தாமோதரந்தான் மாலை போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு, அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

போனை வைத்துவிட்டு மேகலாவிடம் போனேன். குப்பைக் கடிதங்கள் அத்தியாயத்தில் என் கடிதங்கள் குப்பைக்குப் போகும் என்று இருக்கிறதே, அந்த ஒரு வரியை மட்டும் கட்டத்துக்கு வெளியே எடுத்து வைத்துவிடு என்று சொன்னேன். விதியைத் தொடுவது என்றால் எல்லோரையும் கேட்க வேண்டும் என்றாள்.

ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. யுஹானி ஆதரவாகப் போட்டுவிட்டார்.